சாவதற்கு ஆள் தேவை

நான் எழுதிய முதல் அழைப்புக் கடிதத்தில் ஒரு வரி: “பழைய காலத்துப் போர்வீரர்களாக நடிக்க ஐம்பது பேர் தேவை.” பழைய போர்களை நடத்திக் காட்டும் நான்கு குழுக்களுக்கு அனுப்பினேன். ஆறு வாரம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஐந்தாவதாக ஒரு குழுவின் தலைவருக்கு நேராகப் போன் போட்டேன். மனிதர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, “களத்தில் தண்ணீர்க் குழாய் எங்கே இருக்கிறது?” என்றார். எனக்குத் தெரியவில்லை. “கழிப்பறை எத்தனை?” அதுவும் தெரியவில்லை. “கருமருந்தை ராத்திரி எங்கே வைப்போம்?” கருமருந்து, அதாவது துப்பாக்கியில் போடும் வெடிமருந்து, என்று ஒன்று வரப்போகிறது என்பதே அப்போதுதான் எனக்கு உறைத்தது. “சரி, இதையெல்லாம் தெரிந்துகொண்டு கூப்பிடுங்கள், பேசலாம்” என்று வைத்துவிட்டார்.

இங்கிலாந்தில் நான் குடியிருக்கும் சிற்றூருக்கு வெளியே, 1644 கோடையில் ஒரு சண்டை நடந்தது. மன்னர் முதலாம் சார்லஸின் படைக்கும் நாடாளுமன்றத்தின் படைக்கும் இடையே நடந்த உள்நாட்டுப் போரில் அதுவும் ஒன்று. பெரிய வரலாற்று நூல்களில் அரைப் பத்தி கிடைத்தால் அதிகம். ஊர்ப்பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் இதில் வருகிற சிலரை அடையாளம் கண்டுவிடலாம், அவர்களில் பாதிப் பேர் இன்றும் எனக்குக் கடைத்தெருவில் எதிர்ப்படுகிறவர்கள். 2019இல் 375ஆம் ஆண்டு வந்தது. ஊர்க்காரர்கள் சேர்ந்து ஒரு கமிட்டி போட்டார்கள். சுவரொட்டி ஒட்டவும் நாற்காலி போடவும் உதவலாம் என்றுதான் நான் போனேன். முதல் கூட்டத்தில், “வீரர்கள் எங்கிருந்து வருவார்கள்?” என்று கேட்டுத் தொலைத்தேன். கேட்டவர் தலையிலேயே அந்த வேலையைக் கட்டிவிட்டார்கள்.

ரீஎனாக்ட்மென்ட் என்று இதைச் சொல்கிறார்கள். பழைய போரை அந்தக் காலத்து உடுப்பு, ஆயுதம், அணிவகுப்போடு மறுபடி நடத்திக் காட்டுவது. செய்கிறவர்கள் ரீஎனாக்டர்கள். நான் செய்த முதல் தப்பு, அவர்களை நடிகர்கள் என்று நினைத்தது. சினிமாவில் கூட்டம் சேர்க்கிற மாதிரி, தலைக்கு இவ்வளவு என்று பேசி ஆள் பிடிக்கலாம் என்று எண்ணியிருந்தேன். வார நாளில் இவர்கள் மின்பணியாளர், நர்ஸ், கணக்கு வாத்தியார், லாரி ஓட்டுநர். உடுப்பைத் தாங்களே தைக்கிறார்கள், அல்லது சொந்தக் காசில் தைத்துக்கொள்கிறார்கள். துப்பாக்கியும் சொந்தம். தனி ஆளாக எங்கேயும் போவதில்லை. ஒவ்வொருவரும் ஏதாவது ஒரு ரெஜிமென்டில், அதாவது படைப்பிரிவில், இருக்கிறார்கள். அந்த ரெஜிமென்ட் 1640களில் நிஜமாகவே இருந்த ஒன்றின் பெயரைத் தாங்கியிருக்கும். அதன் தளபதி யார், எந்தக் களத்தில் நின்றது, எங்கே சிதறியது என்பதெல்லாம் இவர்களுக்குக் குலவரலாறு மாதிரி மனப்பாடம்.

இந்தக் காலகட்டத்துக்கு இங்கிலாந்தில் இரண்டு பெரிய அமைப்புகள் உண்டு. ஒன்று சீல்டு நாட். பீட்டர் யங் என்ற ஓய்வுபெற்ற பிரிகேடியர் 1968இல் தொடங்கியது. மன்னராட்சி ஒழிந்திருந்த 1650களில் அரச விசுவாசிகள் நடத்திய ரகசியக் குழுவின் பெயரைத்தான் வைத்துக்கொண்டார்கள். இன்னொன்று இங்கிலீஷ் சிவில் வார் சொசைட்டி. இரண்டிலும் ரெஜிமென்ட் ரெஜிமென்டாகத்தான் ஆட்கள். ஆகவே ஐம்பது பேரைத் தேடக் கூடாது, நாலு கேப்டன்களைத் தேட வேண்டும். அந்த நாலு பேர் சரி என்றால் அவரவர் ஆட்கள் பின்னால் வருவார்கள்.

இது தெரியாமல் முகநூலில் ஒரு அறிவிப்பு போட்டேன். முப்பத்தொரு பேர் ஆர்வமாகப் பெயர் கொடுத்தார்கள். அதில் உடுப்பும் ஆயுதமும் வைத்திருந்தவர்கள் மூன்றே பேர். ஒருவர் படம் அனுப்பியிருந்தார்: தாடி, வட்டக் கேடயம், கோடாலி. அறுநூறு எழுநூறு வருஷம் முந்தி வந்துவிட்ட வைக்கிங். “உடுப்பை மாற்றிக்கொள்கிறேன், தாடியை மட்டும் எடுக்க மாட்டேன்” என்றார். நல்ல மனிதர்தான், கடைசியில் வாகன நிறுத்தத்தைக் கவனித்துக்கொண்டார். அந்த முப்பத்தொரு பேர் வீணாகப் போகவில்லை. அதற்கு அப்புறம் வருகிறேன்.

கேப்டன்களைப் பார்க்க எங்கே போவது? அவர்கள் கூடுகிற இடத்துக்கு. ஜனவரி 30, 1649இல் சார்லஸின் தலையை வெட்டினார்கள் அல்லவா, அதன் நினைவாக அரசர் தரப்புக் குழுக்கள் ஒவ்வொரு ஜனவரிக் கடைசியிலும் லண்டன் வைட்ஹால் பக்கம் ஊர்வலம் போகின்றன. ரயிலேறிப் போய்க் குளிரில் நின்றேன். முரசு, கொடி, வரிசை வரிசையாக நீள ஈட்டிகள். ஊர்வலம் முடிந்து எல்லாரும் சூடாக ஏதாவது குடிக்க ஒதுங்கியபோதுதான் என் வேலை ஆரம்பித்தது. கையில் கமிட்டி அச்சடித்த துண்டுப் பிரசுரம் இருந்தது, ஒன்றைக்கூட எடுக்கவில்லை. “உங்கள் கோட் ஏன் இந்த நிறம்?” என்று ஒருவரிடம் கேட்டேன். இருபது நிமிடம் பேசினார். 1645இல் நாடாளுமன்றம் புதிய மாதிரிப் படையை அமைத்துச் சிவப்புக் கோட் கொடுக்கும் வரை, ஒவ்வொரு தளபதியும் தன் ஆட்களுக்குத் தனக்குக் கிடைத்த துணியில் கோட் தைத்துக் கொடுத்தார். அதனால் எதிரெதிர்த் தரப்பிலும் ஒரே நிறம் இருக்கும். களத்தில் யார் நம்மாள் என்று தெரிய இடையில் கட்டிய துணியோ தொப்பியில் செருகிய காகிதமோதான் அடையாளம். அந்த இருபது நிமிடத்துக்குப் பிறகு அவரே கேட்டார், “நீங்கள் எதற்காக வந்தீர்கள்?” ஆறு வாரம் மின்னஞ்சலில் நடக்காதது அங்கே நடந்தது.

ஆனால் அவரே ஒரு குண்டும் போட்டார். “ரொம்பத் தாமதம். இந்த வருஷ அட்டவணை முடிந்துவிட்டது.”

இந்தக் குழுக்கள் அடுத்த பருவத்தின் தேதிகளை முந்தின குளிர்காலத்துக்குள்ளேயே முடிவு செய்துவிடுகின்றன. நிகழ்ச்சிகள் வசந்தத்திலிருந்து இலையுதிர் காலம் வரைதான். அதிலும் நீண்ட வார இறுதிகளைப் பெரிய கூடல்கள் எடுத்துக்கொள்ளும். ஆண்டு நினைவு என்பதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது, அதை எங்கள் கமிட்டியில் ஒருவரும் யோசித்திருக்கவில்லை. 1644இல் நடந்த எல்லாச் சண்டைக்கும் 2019இல்தான் 375 வருஷம். மார்ஸ்டன் மூர் என்ற மாபெரும் போர் நடந்ததும் 1644 ஜூலை 2ஆம் தேதிதான். நாற்பதாயிரம் பேருக்கு மேல் மோதிய களம். அந்தக் காலப் படைகளும் கோடையில்தான் நகர்ந்தன. ஆகவே நம்மைப் போலவே எல்லா ஊரும் ஒரே கோடையில் அதே சில நூறு பேரைக் கூப்பிடும். நாம் கூப்பிடும்போது அவர்கள் ஏற்கெனவே வேறொரு ஊரில் செத்துக்கொண்டிருப்பார்கள். ஒன்றரை வருஷம் முன்னால் ஆரம்பித்திருக்க வேண்டும். நாங்கள் ஆரம்பித்தது எட்டு மாதம் முன்னால்.

தப்பித்தது ஒரு பஞ்சாங்கக் குழப்பத்தால். அன்றைய இங்கிலாந்து பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றியது. இன்று நாம் வைத்திருப்பதைவிட அந்த நூற்றாண்டில் அது பத்து நாள் பின்தங்கியிருந்தது. 1752இல்தான் மாற்றினார்கள். அதாவது ஆவணத்தில் உள்ள தேதிக்குப் பத்து நாள் கழித்துத்தான் சூரியன் அதே இடத்துக்கு வருகிறது. “அப்படியானால் அடுத்த வார இறுதியில் வைத்தாலும் உண்மையான நாள்தான்” என்று கமிட்டியில் வாதாடினேன். வரலாற்றாசிரியர்கள் ஆவணத்துத் தேதியைத்தான் நினைவுநாளாக வைப்பார்கள் என்று ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. அவர் சொன்னதுதான் சரி. ஆனால் அவர் சொன்ன வாரத்தில் எனக்கு ஒரு கேப்டன்கூட இல்லை, அடுத்த வாரத்தில் மூன்று பேர் இருந்தார்கள். அவர் சொன்ன தேதியில் காலையில் கல்லறைத் தோட்டத்தில் மலர்வளையம், பத்து நாள் கழித்துச் சண்டை என்று சமாதானம் ஆனது. நினைவுநாளைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: சடங்கை அந்தத் தேதியில் வையுங்கள், படையை அது வரக்கூடிய தேதியில் கூப்பிடுங்கள்.

இரண்டாவது கடிதத்தை எழுத எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. அதில் வீரம், தியாகம், பாரம்பரியம் எதுவும் இல்லை. முதல் கடிதத்தில் இருந்ததெல்லாம் அதுதான். களத்தின் வரைபடம் ஒன்று. வண்டி எந்த வாசல் வழியாக வரும், வேனும் இழுவண்டியும் திரும்ப இடம் இருக்கிறதா, குடிநீர் எங்கே, கழிப்பறை எத்தனை. வெள்ளி மதியம் முதல் திங்கள் காலை வரை கூடாரம் போடலாம் என்ற உறுதி. ஊரிலிருந்து வேலை முடிந்து வருகிறவர்கள் இரவு பத்து மணிக்குத்தான் வந்து சேருவார்கள், அப்போது கேட்டைப் பூட்டிவிட்டால் அவர்கள் அடுத்த வருஷம் வரமாட்டார்கள். வைக்கோல், விறகு எவ்வளவு தருவோம். முகாம் இரண்டு வேண்டும் என்பதையும் அப்போதுதான் கற்றுக்கொண்டேன்: கித்தான் கூடாரமும் மண்பாண்டமுமாகப் பார்வையாளர்கள் சுற்றிப் பார்க்கிற பழங்கால முகாம் ஒன்று, நைலான் கூடாரம், காஸ் அடுப்பு, குழந்தைகளின் சைக்கிள் எல்லாம் கிடக்கிற நிகழ்கால முகாம் ஒன்று. இரண்டும் ஒன்றையொன்று பார்க்கக் கூடாது.

தீ மூட்டக் குழி தோண்டலாமா என்று மூன்று குழுவும் கேட்டன. கூடவே கூடாது. போர்க்களத்தின் மண்ணுக்குள் இன்னும் ஈயக் குண்டு கிடக்கிறது. எது எங்கே கிடக்கிறது என்பதை வைத்துத்தான் படை எங்கே நின்றது என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். தரையிலிருந்து உயர்த்திய இரும்புத் தட்டில்தான் நெருப்பு என்று எழுதினேன். இதில் சலித்துக்கொள்வார்கள் என்று பயந்தேன். மாறாக, “முதல் தடவையாக ஒரு ஊர்க்காரர் எங்களிடம் இதைச் சொல்கிறார்” என்று ஒரு கேப்டன் பதில் போட்டார்.

கருமருந்துக்கு வருவோம். மஸ்கெட் என்ற பழைய நீளத் துப்பாக்கி வைத்திருக்கக் காவல்துறை தருகிற ஷாட்கன் சான்றிதழ் வேண்டும். கருமருந்து வாங்கிக் கையில் வைத்திருக்க வெடிபொருள் சான்றிதழ் தனியாக வேண்டும். இரண்டும் அவரவர் பெயரில். குழுவில் நாற்பது பேர் இருந்தால் எல்லாரிடமும் இவை இருக்காது. ஆகவே “எத்தனை பேர் வருவீர்கள்” என்று கேட்பது அரைக் கேள்வி. “எத்தனை பேர் சுடுவீர்கள்” என்பதுதான் சத்தத்தையும் புகையையும் தீர்மானிக்கிறது. குண்டு இருக்காது, வெறும் மருந்துதான். ஆனாலும் ஒவ்வொருவரும் எரிகிற திரிக்கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு இடுப்பில் மருந்தோடு நிற்கிறார்கள் என்பதை மறக்கக் கூடாது. யார் மருந்து வாங்கித் தருவது, எவ்வளவு என்பதை எழுத்தில் முடித்துக்கொள்ளுங்கள். ரீஎனாக்டர் தன் நேரத்தை இலவசமாகத் தருவார். மருந்துச் செலவையும் பெட்ரோலையும் அவர் தலையில் கட்டினால் அது அவமரியாதை. பொதுப் பொறுப்பு இன்சூரன்ஸ் நகலைக் குழுவிடமிருந்து வாங்கிக்கொள்ளுங்கள், உங்களுடையதையும் அவர்களுக்குக் கொடுங்கள். எங்கள் இன்சூரன்ஸ் முகவர் விண்ணப்பத்தில் “வெடிபொருள்” என்ற சொல்லைப் பார்த்ததும் இரண்டு வாரம் காணாமல் போய்விட்டார்.

இந்தக் கடிதத்துக்கு நாலு நாளில் முதல் பதில் வந்தது.

அப்புறம் வந்தது நான் எதிர்பாராத தலைவலி. எங்கள் சண்டையில் ஜெயித்தது நாடாளுமன்றம். வரச் சம்மதித்த மூன்று ரெஜிமென்ட்களில் இரண்டு அரசர் தரப்பு. அதாவது தோற்பதற்கு ஆள் மிதமிஞ்சி இருக்கிறது, ஜெயிப்பதற்கு இல்லை. அறுபது பேரை இருபத்தைந்து பேர் அடித்து ஓட்டினால் பார்க்கிற குழந்தைகூடச் சிரிக்கும். யாராவது கட்சி மாற வேண்டும். இது எல்லா இடத்திலும் நடப்பதுதான். அமெரிக்க உள்நாட்டுப் போரை நடத்துகிறவர்களில் வடக்கின் நீலக் கோட், தெற்கின் சாம்பல் கோட் இரண்டையும் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். இங்கே கோட்டைக்கூட மாற்ற வேண்டாம், இடைத்துணியை மாற்றினால் போதும். நான் ஒரு கேப்டனிடம் இதை லேசாகச் சொன்னேன். போனில் நீண்ட மௌனம். “எங்கள் ரெஜிமென்ட் ஒரு நாளும் நாடாளுமன்றத்துக்காக நின்றதில்லை.”

சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். நல்லவேளை, வாதாடவில்லை. முந்நூற்று எழுபத்தைந்து வருஷத்துக்கு முன் கலைந்துபோன ஒரு படைக்காக ஒருவர் இப்படிக் கோபப்படுகிறார் என்றால், அந்தக் கோபம்தான் அவரை மழையில் கூடாரம் போட வைக்கிறது. அதில் கை வைத்தால் ஆளே போய்விடுவார். இரண்டாவது கேப்டனிடம் போனேன். இந்தத் தடவை கேள்வியை மாற்றினேன்: “மார்ஸ்டன் மூரில் ஃபேர்ஃபாக்ஸ் செய்ததை உங்கள் ஆட்கள் செய்வார்களா?” அந்தப் போரில் நாடாளுமன்றத் தளபதி தாமஸ் ஃபேர்ஃபாக்ஸ் எதிரிகளுக்கு நடுவே தனியாக மாட்டிக்கொண்டார். தொப்பியிலிருந்த வெள்ளை அடையாளத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அவர்களில் ஒருவரைப் போலக் குதிரையை நடத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டார். கேப்டன் வாய்விட்டுச் சிரித்தார். பாதிப் பேரைத் தருகிறேன், தொப்பியில் காகிதம் செருகிக்கொள்கிறோம், ஆனால் எங்கள் கொடி மட்டும் வேனைவிட்டு இறங்காது என்றார். கொடியை நான் கேட்கவே இல்லை.

இனி அந்த முப்பத்தொரு உள்ளூர்க்காரர்கள். புதிதாக வருகிறவரிடம் பதினாறு அடி ஈட்டியைக் கொடுத்து வரிசையில் நிறுத்த முடியாது. அது நுனியில் ஆட ஆரம்பித்தால் பிடித்திருப்பவரையே இழுத்துக்கொண்டு போகும். ஒரு சனிக்கிழமை பயிற்சிக்குக் கூப்பிட்டோம். வந்த கேப்டன் முதலில் ஆட்களைப் பார்க்கவில்லை, அண்ணாந்து பார்த்தார். மைதானத்து ஓரமாக மின்கம்பி போகிறது. அதை அதுவரை நாங்கள் யாரும் பார்த்ததே இல்லை, தினமும் அதன் கீழேதான் நடக்கிறோம். ஈட்டி அணியின் பாதையை அன்றே மாற்றினோம்.

பயிற்சிக்கு வந்த பத்தொன்பது பேரில் எட்டுப் பேர் ஈட்டிக்குத் தேறினார்கள். மற்றவர்களுக்கு வேறு வேலை இருந்தது. பழைய படைக்குப் பின்னால் ஒரு ஊரே நகர்ந்தது. சமைக்கிறவர்கள், வண்டி ஓட்டுகிறவர்கள், காயத்துக்குக் கட்டுப் போடுகிறவர்கள், துணி துவைக்கிறவர்கள். பார்வையாளர்கள் அதிக நேரம் நின்றது இவர்களிடம்தான். சண்டை நாற்பது நிமிடத்தில் முடிந்துவிடும். முகாம் நாள் முழுக்க இருக்கிறது. வீரர்களை மட்டும் தேடிக்கொண்டிருந்த காலத்தில் இது எனக்குத் தெரிந்திருந்தால் பாதிக் கவலை குறைந்திருக்கும். கயிறு திரிக்கத் தெரிந்தவர், கம்பளி நூற்கத் தெரிந்தவர், ரொட்டி சுடுகிறவர் என்று தேடினால் ஒவ்வொரு ஊரிலும் நாலு பேர் இருப்பார்கள், அவர்களுக்கு வெடிபொருள் சான்றிதழும் வேண்டாம்.

தண்ணீர் தூக்க ஆள் போதவில்லை. இரும்புத் தொப்பியோடு கம்பளிக் கோட்டில் நிற்கிறவர்களுக்கு வரிசைக்குள்ளேயே போய்த் தண்ணீர் கொடுக்க வேண்டும். அதற்கும் உடுப்புப் போட்டுத்தான் போக வேண்டும். “நீங்களே வாருங்களேன்” என்றார் கேப்டன். கமிட்டியில் ஒருவர், கெட்ட எண்ணத்தில் இல்லை, தயங்கித் தயங்கிச் சொன்னார்: “அந்தக் காலத்தில் உங்களைப் போல ஒருவர் இங்கே இருந்திருக்க மாட்டார் அல்லவா, பார்க்கிறவர்களுக்குக் குழப்பமாக...” அன்று பதில் சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து தேடினேன். லண்டனில் செயின்ட் டயோனிஸ் பேக்சர்ச் தேவாலயத்தில் 1616 டிசம்பர் 22ஆம் தேதி ஒரு இந்தியச் சிறுவனுக்கு ஞானஸ்நானம் கொடுத்திருக்கிறார்கள். பீட்டர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கள் சண்டைக்கு 28 வருஷம் முன்னால். 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் கோட்டை கட்ட இடம் வாங்கியாகிவிட்டது. இங்கே அரசனும் நாடாளுமன்றமும் அடித்துக்கொண்டபோது அங்கே அந்தக் கோட்டை எழும்பிக்கொண்டிருந்தது. அடுத்த கூட்டத்தில் இதைச் சொன்னேன். அவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார், குறித்துக்கொண்டார். பாவாடையும் வெள்ளைத் தலைத்துணியும் ஒரு குழுவில் கடன் கிடைத்தது. உங்கள் ஊரிலும் வாசலில் தயங்கி நிற்கிறவர்கள் இருப்பார்கள். “எனக்கு இதில் இடம் இருக்கிறதா” என்று அவர்கள் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள்; நீங்கள்தான் முந்திக்கொண்டு சொல்ல வேண்டும்.

வருவதாகச் சொன்னவர்கள் நூற்றிருபது. வந்தவர்கள் எண்பத்தாறு. யாருக்கோ காய்ச்சல், யாருக்கோ வேன் பழுது, யாருக்கோ மாமியார். அனுபவப்பட்ட கேப்டன்கள் இதைக் கேட்டு அசரவில்லை. மூன்றில் ஒருவரைக் கழித்துத்தான் அவர்கள் கணக்குப் போடுவார்களாம். சனி காலையில் இதை என்னிடம் சொன்னார்கள். ஜனவரியில் சொல்லியிருக்கலாம்.

களத்தில் கடைசி ஆள்சேர்ப்பு பாக்கி இருந்தது. சாவதற்கு. இருநூறு மைல் வண்டி ஓட்டி வந்து, மருந்து நிரப்பி, அணிவகுத்து நிற்கிறவர் முதல் வேட்டிலேயே விழுந்து அரைமணி நேரம் வெயிலில் கிடக்க விரும்புவாரா? ஒத்திகையில் எதிரெதிரே இருபது அடியில் நின்று மூன்று சுற்று சுட்டார்கள், ஒருவர்கூட விழவில்லை. இரண்டு தரப்பும் சாகாவரம் பெற்றவர்கள். பிறகு பிறந்த மாதத்தை வைத்துப் பங்கு பிரித்தோம்: ஜனவரி முதல் மார்ச் வரை பிறந்தவர்கள் இரண்டாவது வேட்டுக்கு விழ வேண்டும், ஏப்ரல், மே ஈட்டி மோதலில், மற்றவர்கள் குதிரை வரும்போது. எங்களுக்குக் கிடைத்த குதிரைகள் ஆறுதான். குதிரைப்படைதான் அந்தப் போர்களின் உயிர், ஆனால் அது எல்லா ஊருக்கும் கட்டுப்படியாகாத உயிர். நிஜமாகவே அடிபட்டால் கத்துவதற்குத் தனிச் சொல் ஒன்று வைத்துக்கொண்டார்கள், அதைக் கேட்டால் இரண்டு படையும் அப்படியே நின்றுவிடும். விழுந்து கிடப்பவர் நடிக்கிறாரா மயங்கிவிட்டாரா என்று முதலுதவிக்காரருக்கு வேறெப்படித் தெரியும்? ஞாயிறு மதியம் ஒரு தடவை அந்தச் சொல் கேட்டது. வெயில் தாங்காமல் ஒரு பையன் சுருண்டுவிட்டான்; நிழலில் படுக்கவைத்துத் தண்ணீர் கொடுத்ததும் எழுந்துவிட்டான். தண்ணீர் தூக்கியதில் என் தோள்பட்டை ஒரு வாரம் வலித்தது. செத்தவர்கள்தான் அதிகம் கேட்டார்கள். பக்கத்தில் போகும்போது உதடு அசையாமல், “இங்கே, இங்கே” என்பார்கள்.

முடிவை எப்படி முடிப்பது என்று கமிட்டியில் சண்டை. ஜெயித்தவர்கள் கொடி நாட்ட வேண்டும் என்றார்கள் சிலர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் நடந்த கெட்டிஸ்பர்க் சண்டையின் 50ஆம் ஆண்டுக்கு, 1913இல், அந்த உள்நாட்டுப் போரில் நிஜமாகவே ஈடுபட்ட ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கிழவர்கள் கூடினார்கள். அன்று சண்டை நடந்த அதே கற்சுவருக்கு இரண்டு பக்கமும் நின்று இரு தரப்பாரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். அதைப் போலச் செய்யலாம் என்று கேப்டன்களே சொன்னார்கள். செத்தவர்கள் எழுந்து, வைக்கோலைத் தட்டிவிட்டு, இரண்டு தரப்பும் கலந்து ஒரே வரிசையாக நின்று தொப்பியைக் கழற்றினார்கள். ஊர்த் தேவாலயத்தின் அடக்கப் பதிவேட்டிலிருந்து அந்த வருஷத்துப் பக்கத்தை வாசித்தார்கள். ஊர்க்காரர்களுக்குப் பெயர் இருந்தது. மற்றவர்களுக்கு “ஒரு போர்வீரன்” என்று மட்டும். எந்தத் தரப்பு என்றுகூட எழுதவில்லை.

பிறகு நடந்தது அவ்வளவு அழகாக இல்லை. மருந்துக்கும் பெட்ரோலுக்கும் தருவதாகச் சொன்ன பணத்தைக் கமிட்டி மூன்று மாதம் இழுத்தது. ஒவ்வொரு வாரமும் கேப்டன்களுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினது நான். இதை மறுபடி செய்வதாக இருந்தால், அந்தப் பணத்தை முதல் கூட்டத்திலேயே தனியாக ஒதுக்கி, ஞாயிறு சாயங்காலம் வண்டி கிளம்பும் முன் கையில் கொடுத்திருப்பேன். இந்தக் குழுக்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். காசு தராத ஊரின் பெயர் அடுத்த பருவம் தொடங்குவதற்குள் எல்லா முகாமிலும் தெரிந்திருக்கும்.

நவம்பரில் அந்த முதல் கேப்டனிடமிருந்து, தண்ணீர்க் குழாய் எங்கே என்று கேட்டவரிடமிருந்து, ஒரு மின்னஞ்சல். அடுத்த வருஷம் என்ன தேதி என்று கேட்கப் போகிறார், கமிட்டி கலைந்துவிட்டது என்று எப்படிச் சொல்வது என்று தயங்கித்தான் திறந்தேன். ரெஜிமென்டின் அடுத்த பருவத்துப் பட்டியல் இணைத்திருந்தது. தண்ணீர் தூக்குபவர்கள் என்ற தலைப்பின் கீழ் நாலாவது பெயர் என்னுடையது. அளவு தெரிந்தால் பாவாடை தைக்கத் துணி வெட்டிவிடலாம் என்று ஒரு வரி எழுதியிருந்தார்.